வெள்ளிக்கிழமை மீன்

பரக்கத் அலி வீட்டு பீரோ கதவில் பதினோரு மீன்கள் இருந்தன. எல்லாம் போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பரக்கத் அலி நின்றான், பின்னால் சவுதியின் தம்மாம் கடல். கீழே ஸ்கெட்ச் பேனாவில் மகள் ஷாஜியாவின் கையெழுத்து: 'அத்தா பிடித்தது 1', 'அத்தா பிடித்தது 2', இப்படியே பதினொன்று வரைக்கும். திருச்சி வரகனேரியில் அந்த வீட்டுக்குள் கால் வைத்தவர் யாரும் அந்தக் கதவைப் பார்க்காமல் ஒரு வாய் டீ குடித்துவிட முடியாது. கேஸ் சிலிண்டர் போட வந்தவரையே நிறுத்திவைத்துக் காட்டியிருக்கிறாள்.

அந்தப் பதினொன்றில் ஒன்றைக்கூட அவன் பிடிக்கவில்லை.

பிடித்தவன் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிலோமின்ராஜ். அவனும் திருச்சிதான், பாலக்கரைக்காரன். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் இருவரும் கடற்கரைக்குப் போவார்கள். பிலோமின்ராஜ் தூண்டில் போடுவான். பரக்கத் அலி பாறையில் உட்கார்ந்து மகளோடு வீடியோவில் பேசுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பேசிக்கொண்டிருக்கும்போதே பெரிய மீன் ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்து துள்ளியது. "அத்தா! நீங்க புடிச்சதா?" என்று கத்தினாள் ஷாஜியா. அப்போது அவளுக்கு எட்டு வயசு. அவன் வேலையோ குளிர்கிடங்கில் கோழிப் பெட்டி அடுக்குவது. அதில் ஒரு பிள்ளையிடம் சொல்ல என்ன இருக்கிறது? போனில் அவள் கண் அகலமாக விரிந்திருந்தது. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டான்.

பொய் என்று பார்த்தால் ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் வளர்க்க ஆரம்பித்துவிட்டால் அதற்கும் வேளாவேளைக்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. பிலோமின்ராஜ் பெரிய மீனாகப் பிடிக்கும்போதெல்லாம் இவன் எழுந்துபோய் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவன் சிரித்துக்கொண்டே போட்டோ எடுப்பான்.

ஏன் இப்படிச் செய்தான் என்று கேட்டால், அவனுக்கு ஒரு பயம் இருந்தது. ஷாஜியா பத்து நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டாள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று "சரி அத்தா, வச்சிடுறேன்" என்று வைத்துவிடுவாள். வாரம் முழுக்கக் காத்துக் கிடந்து கிடைக்கிற பத்து நிமிஷம் அது. பிள்ளைக்கு நம்மிடம் பேச ஒன்றுமில்லை, பாவம், அவள்தான் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொள்வான். அந்த மீனும் இல்லாமல் போனால் இந்தப் பத்து நிமிஷமும் போய்விடும் என்று நம்பினான். முழுசாக நம்பினான்.

டிசம்பரில் முப்பது நாள் லீவில் வந்தான். வருகிறபோதே ஷாஜியாவின் உத்தரவுப்படி தூண்டில் கம்பும் வந்தது. தம்மாமில் புதிதாக வாங்கிய கம்பு. மூன்று வருஷம் மீன் பிடித்தவன் கம்பு அப்படிப் பளபளவென்று இருக்குமா? பாத்திரம் தேய்க்கிற நாரால் இரண்டு நாள் தேய்த்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அதைப் பழசாக்கினான். பிலோமின்ராஜ் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தான். அப்படியே தூண்டில் முள் கட்டுகிற முடிச்சு ஒன்றையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினான்.

அரைப்பரீட்சை லீவு விட்ட அன்றைக்கே மீன் பிடிக்கப் போகலாம் என்று ஷாஜியா ஆரம்பித்துவிட்டாள். இவன் பக்கத்திலேயே காவிரி முக்கொம்புக்குப் போகலாமே என்று பார்த்தான்.

"முக்கொம்புல வறுத்த மீன்தான் அத்தா கிடைக்கும். உங்களுக்குக் கடல்தானே பழக்கம்? கடலுக்கே போவோம்."

"ஆமாங்க, கடலுக்கே போவோம். நாங்களும் உங்க திறமையைப் பாக்கணும்ல" என்றாள் ஷஹனாஸ், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். அவன் மனைவி. கல்யாணமான புதுசில் ஸ்ரீரங்கத்துப் படித்துறையில் காலை நனைக்கலாம் வாங்க என்று அவள் கூப்பிட்டபோது, புது பேண்ட் என்று சொல்லிவிட்டு மூன்றாவது படியிலேயே நின்றவன் இவன். அவளுக்கா தெரியாது?

முத்துப்பேட்டை என்று முடிவானது. கடல் ஓரம், அலையாத்திக் காடு, இரண்டு நாள். கிளம்புவதற்கு முதல்நாள் துணி மடித்துக்கொண்டே ஷஹனாஸ் சொன்னாள்.

"அவகிட்ட சொல்லிடுங்க. அங்க போயி அசிங்கப்படாதீங்க."

"இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு ஷஹனாஸ். அதுவரைக்கும் அவ என்னை இப்படியே பாக்கட்டும். சவுதிக்குப் போனப்புறம் அவளுக்கு நான்னா அந்த மீன் மட்டும்தான்."

ஷஹனாஸ் மடித்த துணியைப் பைக்குள் வைத்தாள். பிறகு எழுந்துபோய்ப் பன்னிரண்டு முட்டைகளை அவிக்கப் போட்டாள். மீன் கிடைக்காவிட்டால் என்ன சாப்பிடுவது என்ற யோசனை ஒருத்திக்காவது வேண்டுமே.

தஞ்சாவூர், பட்டுக்கோட்டை என்று இரண்டு பஸ் மாறிப் போய் லாட்ஜில் தங்கினார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும் மூக்கனின் படகில் ஏறினார்கள். மூக்கனுக்கு ஐம்பது வயசு இருக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர். ஆறு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி, இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நின்றன. சேற்றிலிருந்து அவற்றின் வேர்கள் ஆயிரக்கணக்கில் பென்சில் நட்டதுபோல் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு திருப்பத்தில் பூநாரைகள் கூட்டமாக எழுந்து பறந்தன. ஷாஜியா வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் மீன் ஓடிவிடும் என்று அவளுக்கு எண்ணம். பரக்கத் அலி படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிடிக்காதவன்போல் உட்கார்ந்திருந்தான்.

"பாய்க்குத் தூண்டில் பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார் மூக்கன்.

"எங்க அத்தா சவுதிக் கடல்லயே புடிக்கிறவங்க. பதினோரு மீன். ஒவ்வொண்ணும் இவ்ளோ பெருசு" என்று கையை விரித்தாள் ஷாஜியா.

பரக்கத் அலி தொண்டையைச் செருமினான். மூக்கனுக்குச் சந்தோஷமாகிவிட்டது. ஆள் தெரிந்தவர் என்றால் கூடவே காவல் இருக்க வேண்டாம், அந்த நேரத்தில் வலையை இழுத்துவிடலாம். காட்டு எல்லைக்கு வெளியே, தூண்டில் போடலாம் என்று விட்டிருந்த ஒரு வாய்க்காலின் வாயில் படகை ஒரு சேற்றுத் திட்டோரம் நிறுத்தினார். இறால் துண்டுகளையும், பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய, முள் கட்டிய தங்கூசி நூலையும் கொடுத்தார். பக்கத்து வாய்க்காலிலிருந்து அவர் தம்பி பாலு இன்னொரு படகில் வந்து அவரை ஏற்றிக்கொண்டான்.

"ஒன்றரை மணி நேரத்துல வந்துடுறேன் பாய். தண்ணி வத்த ஆரம்பிச்சா கயித்தை அவுத்து, படகை நடு வாய்க்காலுக்குத் தள்ளிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்ங்க, தெரியும்ங்க" என்றான் பரக்கத் அலி.

தெரியாது. இங்கேதான் அவன் திருச்சிக்காரன் என்பதைக் காட்டினான். திருச்சிக்காரனுக்குத் தண்ணீர் என்றால் காவிரி. அது மேற்கிலிருந்து வரும், கிழக்கே போகும். அது குறைவதாக இருந்தால் எத்தனை ஆயிரம் கன அடி என்று பேப்பரில் போடுவார்கள், முக்கொம்பில் ஷட்டரை இறக்குவார்கள், அப்புறம்தான் குறையும். இங்கே எவன் வந்து ஷட்டரை இறக்கப்போகிறான்? பரக்கத் அலி சுற்றும் முற்றும் பார்த்தான். ஷட்டர் எதுவும் கண்ணில் படவில்லை. படகு நகர்ந்துவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தில், ஒரு மரத்து அடியில் கயிற்றை இழுத்துப் பிடித்து மூன்று முடிச்சு போட்டான். பிலோமின்ராஜ் சொல்லிக்கொடுத்த முடிச்சு. அது மட்டும் அருமையாக விழுந்தது.

பிறகு பிஸ்மில்லா சொல்லித் தூண்டிலை வீசினான். முதல் வீச்சு மரத்தில் மாட்டியது. இரண்டாவது அவன் சட்டைக் காலரிலேயே மாட்டியது. ஷாஜியா பொறுமையாகக் கழற்றிவிட்டாள். "இந்த ஊர்க் காத்து வேற மாதிரி இருக்குல்ல அத்தா?" என்று அவளே காரணமும் எடுத்துக்கொடுத்தாள். ஷஹனாஸ் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது வீச்சில் தூண்டில் தண்ணீரில் விழுந்தது. அப்பாடா என்று மூவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மிதவையையே பார்த்துக்கொண்டிருந்ததில் படகைப் பார்க்கவில்லை. ஷாஜியாதான் முதலில் கேட்டாள்.

"அத்தா, படகு ஏன் சாயுது?"

ஒரு பக்கம் சேறு பளபளத்தது. சற்று முன் தண்ணீர் நின்ற இடத்தில் சின்னச் சின்ன நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வாய்க்கால் நடுவில் மட்டும் ஒரு கோடுபோல் தண்ணீர் மிச்சமிருந்தது. படகோ அடி வயிறு சேற்றில் பதிய உட்கார்ந்துவிட்டது.

"இப்ப என்ன பண்ணணும் அத்தா?" என்றாள் ஷாஜியா. குரலில் பயமே இல்லை. அத்தா இருக்கிறாரே. அந்த நம்பிக்கைதான் பரக்கத் அலியைப் படகிலிருந்து இறக்கியது.

பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, தள்ளிவிடலாம் என்று இறங்கினான். முதல் அடியில் முழங்கால் உள்ளே போயிற்று. இரண்டாவது அடியில் தொடை வரைக்கும் போயிற்று. காலை இழுத்தால் செருப்பு மட்டும் உள்ளே நின்றது. இன்னும் இழுத்தால் இடுப்பும் இறங்கியது. "யா அல்லாஹ்" என்று அலறிவிட்டான். சின்ன அலறல் இல்லை. மரத்திலிருந்த கொக்குகள் பறந்தன.

ஷஹனாஸ் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. படகின் விளிம்பில் குப்புறப் படுத்துத் தூண்டில் கம்பை நீட்டினாள். அவன் பிடித்தான், கம்பு படக்கென்று இரண்டாக முறிந்தது. பிறகு ஷாஜியா அம்மாவின் துப்பட்டாவை முறுக்கி வீசினாள். "படுத்துக்கோங்க அத்தா, படுத்து நகருங்க" என்று அவள்தான் வழி சொன்னாள். அம்மாவும் மகளும் சேர்ந்து இழுக்க, தலைமுடி தவிர மற்றதெல்லாம் சேறாகி அவன் படகுக்குள் வந்து விழுந்தான்.

போனில் மூக்கன் கிடைத்தார். "அவுக்காம கட்டியே போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு சொன்னார். "பயப்படாதீங்க பாய். படகை விட்டு மட்டும் யாரும் இறங்காதீங்க. தண்ணி ஏறினாத்தான் நானும் உள்ள வர முடியும். ரெண்டு, ரெண்டரை ஆகும்."

அப்போது மணி பத்தரை.

ஷஹனாஸ் முட்டை டப்பாவைத் திறந்தாள். யாரும் எடுக்கவில்லை. முறிந்த கம்பை எடுத்து ஷாஜியா மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல அத்தா. உங்க பழைய கம்பு. அங்க போயி இதே மாதிரி வேற வாங்கிக்கலாம்" என்றாள். அவள் துடைத்த இடத்தில், நாரால் அவன் தேய்த்த கோடுகள் தெரிந்தன. பரக்கத் அலிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதும்மா."

ஷாஜியா நிமிர்ந்தாள்.

"ஒரு மீன்கூடப் பிடிச்சதில்லை. எல்லாம் பிலோமின்ராஜ் மாமா பிடிச்சது. நான் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னேன். இந்தக் கம்பும் புதுசுதான். பொய் சொல்லிட்டேன்."

ஷாஜியா கம்பைக் கீழே வைத்துவிட்டுப் படகின் மறுமுனைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பரக்கத் அலி ஷஹனாஸைப் பார்த்தான். அவள், இருங்க, என்று கையால் காட்டினாள். அந்தப் பத்து பதினைந்து நிமிஷம் அவனுக்கு ஒரு வருஷ வேலையைவிட நீளமாக இருந்தது. முடிந்தது, இனி அந்தப் பத்து நிமிஷமும் இல்லை என்று மனசுக்குள் கணக்கை முடித்துவிட்டான்.

திரும்பாமலேயே ஷாஜியா கேட்டாள்.

"அப்ப நான் போனை வச்சப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

"சும்மான்னா?"

"சும்மாதாம்மா. கடலைப் பாத்துட்டு. நீ பேசினதை நினைச்சுட்டு உக்காந்திருப்பேன். அவன் கிளம்பலாம்னு சொன்னா எந்திரிச்சுப் போவேன்."

இப்போது அவள் திரும்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கோபமும்தான், சும்மா சொல்லக்கூடாது, நல்ல கோபம்.

"நான் எதுக்கு அத்தா சீக்கிரம் வச்சேன்? நீங்க மீன் பிடிக்கணும்னுதானே வச்சேன்! வாரத்துல ஒரு நாள்தான் லீவு, அதுலயும் நான் பேசிட்டே இருந்தா எப்படிப் பிடிப்பீங்கன்னு கடிகாரத்தைப் பாத்து வைப்பேன். எனக்கு எவ்ளோ சொல்றதுக்கு இருந்துச்சு தெரியுமா? பாதியிலயே வச்சிடுவேன். மூணு வருஷமா!"

பரக்கத் அலிக்கு உடனே புரியவில்லை. பிறகு மெல்லப் புரிந்தது. பத்து நிமிஷத்தை நீட்டிக்கத்தான் ஒவ்வொரு மீனையும் தூக்கிப் பிடித்தான். அந்த மீன்கள்தான் அவளைப் போனை வைக்கவைத்திருக்கின்றன. நூற்றைம்பது வெள்ளிக்கிழமைகளாக ஒரு பாறையில் ஒருத்தன் வெறுமனே உட்கார்ந்திருந்தான், இங்கே ஒரு பிள்ளை பேச்சை விழுங்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருக்கிறது. இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா? சேற்றோடு சேறாக அவன் அழுதான். மறைக்கவும் இல்லை.

"உனக்கு என்கிட்ட பேச ஒண்ணுமில்லைன்னு நினைச்சேம்மா."

"லூசா அத்தா நீங்க?" என்றாள் ஷாஜியா.

"ஏய்!" என்றாள் ஷஹனாஸ், வழக்கத்துக்காக.

"சொல்லு. இப்ப சொல்லு. ரெண்டரை வரைக்கும் நான் எங்கயும் போக முடியாது" என்றான் பரக்கத் அலி.

ஷாஜியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு முட்டையை எடுத்துப் பாதி கடித்துவிட்டு, நாலாம் வகுப்பிலிருந்து தொடங்கினாள். ஆண்டுவிழாவில் அவள் வசனத்தை மறந்துபோய் மேடையிலேயே சொந்தமாக ஒன்று சொன்னது. கூடப் படித்த அனீஸ் எழுதுகிற பரீட்சை அட்டையில் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்திருந்தபோது அத்தாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா வாங்கிய சத்தியம். இந்த இடத்தில் ஷஹனாஸ் வானத்தைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் விட்ட இடத்திலிருந்து சரியாக எடுத்தாள் அந்தப் பிள்ளை. "அன்னிக்கு 'மிஸ் என்னைக் கூப்பிட்டாங்க'ன்னு சொல்லிட்டு வச்சேன்ல? எதுக்குக் கூப்பிட்டாங்க தெரியுமா?" என்பாள். அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் இருந்தது. எல்லா வெள்ளிக்கிழமையும் ஞாபகம் இருந்தது.

நடுவில் லுஹர் தொழுகை நேரம் வந்தது. நடு வாய்க்காலில் ஒரு டப்பாவை எறிந்து கயிற்றால் இழுத்துத் தண்ணீர் மொண்டு, முகம் கை கால் கழுவி ஒளூ செய்தார்கள், சாய்ந்த படகிலேயே உட்கார்ந்து தொழுதார்கள். தொழுகை முடிந்து சலாம் கொடுத்த மறுநிமிஷமே ஷாஜியா விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

அப்பனும் மகளும் பேசித் தீராததைக் கண்டு, பொழுதுபோகாமல் ஷஹனாஸ் மூக்கன் கொடுத்த தங்கூசியை எடுத்தாள். இறால் துண்டைக் குத்தி நடு வாய்க்காலில் எறிந்துவிட்டு, நூலை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் எப்போது திரும்பியது என்று யாரும் கவனிக்கவில்லை. நண்டு ஓடிய சேற்றின் மேல் மெல்லிசாக ஏறி, வேர்களை ஒவ்வொன்றாக மூடி, படகை ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்த்தியது. அதே நேரத்தில் ஷஹனாஸ் வீல் என்று கத்தினாள். நூலை இழுக்க இழுக்க, கையளவு நீளத்துக்குக் கொடுவா மீன் ஒன்று துள்ளிக்கொண்டு படகுக்குள் வந்து விழுந்தது.

மூக்கன் தம்பியின் படகைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியபோது மணி இரண்டே முக்கால். மீனைப் பார்த்தார், முறிந்த கம்பைப் பார்த்தார், சேற்றுச் சிலையாக உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார்.

"மீனு யாரு பிடிச்சது?"

"எங்க அம்மா" என்றாள் ஷாஜியா. "அத்தாவுக்கு மீன் பிடிக்கத் தெரியாதுங்க மாமா. ஒரு பத்து நிமிஷம் இருங்க, இதை மட்டும் சொல்லி முடிச்சிடுறேன்."

கிளம்புவதற்கு முன்னால் மூக்கன்தான் போட்டோ எடுத்தார். ஷஹனாஸ் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் இருவர் கேமராவையே பார்க்கவில்லை. ஒருத்தி கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள், சேறு பூசிய ஒருவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தப் போட்டோ பீரோ கதவில் பன்னிரண்டாவதாக ஏறியது. 'அம்மா பிடித்தது 1'. பழைய பதினொன்றை ஷாஜியா கிழிக்கவில்லை. பெயரை மட்டும் அடித்துத் திருத்தினாள்: 'பிலோமின்ராஜ் மாமா பிடித்தது. அத்தா தூக்கியது.'

லீவு முடிந்து பரக்கத் அலி தம்மாமுக்குப் போனான். முதல் வெள்ளிக்கிழமை அதே பாறை, அதே கடல். ஷாஜியா பேசினாள். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. பிறகு பேச்சு நின்றது. பழைய பழக்கத்தில் அவனே முந்திக்கொண்டான்.

"வச்சிடவாம்மா?"

"எதுக்கு? போனை டம்ளர்ல சாச்சு வச்சிருக்கேன். நான் கணக்குப் போடுறேன், நீங்க கடலைப் பாத்துட்டு இருங்க. ஏதாவது தோணுச்சுன்னா சொல்றேன்."

திரையில் அவள் குனிந்த தலை தெரிந்தது, வகிடு தெரிந்தது, பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பிலோமின்ராஜ் ஒரு பெரிய மீனை இழுத்துப் போட்டான். "பரக்கத்து, வாடா, சீக்கிரம் வந்து தூக்கு, போட்டோ எடுக்கலாம்!" என்று கத்தினான்.

பரக்கத் அலி எழுந்திருக்கவில்லை. "நீயே தூக்கிக்கடா" என்றான். "என் கை காலியா இல்லை."